கிருபாவதி லினக்ஸ் ஏற்றிய கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அல்லிநகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். மாற்றுச் சான்றிதழை நகல் எடுக்கப் போயிருந்தேன். முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அவர் போட்ட சத்தத்தில் கதை கைக்கு வந்துவிட்டது. நகல் வரவில்லை.

முதல் வரிதான் படுத்தியது.

சித்திரை வெயில் அல்லிநகரத்துத் தெருக்களில்

(வேண்டாம். வெயில் அடிக்காத கதை எங்கள் ஊரில் ஏது?)

கணினி என்பது இன்றைய மனித வாழ்வில் இன்றியமையாத

(இது பள்ளிக்கூடத்துக் கட்டுரை. அங்கிருந்துதான் வெளியே வந்தாயிற்றே.)

கிருபாவதி கணவரிடம் கேட்காமல் கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிவிட்டாள்.

இது நிற்கும்.

2

அதில் முன்பு இருந்தது விண்டோஸ். அதுவும் யாரோ ஏற்றிக் கொடுத்த திருட்டுப் பிரதி. ஒரு விண்ணப்பம் திறப்பதற்குள், வந்தவர் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டே திரும்பிவிடுவார். கிருபாவதி செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதன் இடத்தில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டாள். படுத்துக் கிடந்த பெட்டி எழுந்து ஓடியது.

மறுநாள் கணவர் சுருளிராஜன் வந்து அதன்முன் உட்கார்ந்தார்.

"ஏத்தா, என்ன பண்ணி வச்சிருக்க? நம்ம வீட்டுக்குள்ளயே வழி கேட்டுப் போகணும்போல இருக்கு. விண்டோஸ்னா சின்னப் பிள்ளகூட ஓட்டும்."

"ஓட்டும். நம்ம பெட்டிதான் ஓடலயே!"

"விண்டோஸு தார் ரோடு. நீ பிடிச்சிருக்கறது மேகமலை ரோடு."

"ரோடு மோசந்தான். போய்ச் சேருறமா இல்லையா, அதச் சொல்லுங்க."

அவர் கெடு வைத்தார். "வீரபாண்டித் திருவிழா முடியட்டும். அதுக்குள்ள இந்த மெஷினால ஒருத்தர் திரும்பிப் போனாலும் பழையபடி விண்டோஸ்தான். ஓட்டுறதுக்கு ஒரு ஆளப் போட்டுருவேன். நீ ஜெராக்ஸ் பக்கம் போயிரு."

கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வருகிறவர்கள் கிருபாவதியிடம் யோசனை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெராக்ஸ் பக்கம் நின்றால் எத்தனை பிரதி என்று மட்டும்தான் கேட்பார்கள்.

(இங்கே கதையை நிறுத்தி நியாயம் பேச வேண்டும். எளிது என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழகியதைத்தான். ஆனாலும் பழக்கத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கூட்டம் நெருக்கும்போது தெரிந்த பட்டன் தெரிந்த இடத்தில் இருந்தால் அதுவே பெரிய துணை. கடையின் பழைய ஸ்கேனரை லினக்ஸ் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. கிருபாவதி செல்போனில் படம் பிடித்துத்தான் சமாளிக்கிறாள். சுருளிராஜனை வில்லனாக்க நினைத்திருந்தேன். ஸ்கேனர் விடவில்லை.)

3

முத்துராஜாவை எழுதுவதுதான் கஷ்டம். அவர் மைக்செட்காரர். மெதுவாகப் பேசுவதாக எழுதினால் பொய்யாகிவிடும்.

லினக்ஸின் சின்னம் பென்குயின் என்று தெரிந்த நாளிலிருந்து, கடையைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்துவார். "என்ன தங்கச்சி, ஒம் பென்குயின் முட்ட போட்டுச்சா?" சுருளிராஜன் உள்ளேயிருந்து சிரிப்பார்.

எங்கள் பக்கத்தில் திருவிழா நெருங்கினால் மைக்செட்காரர்களின் பென்டிரைவ் ஓரிடத்தில் இருக்காது. யாரிடம் புதிதாக அம்மன் பாட்டு இருக்கிறதோ அங்கே போய்ச் செருகி ஏற்றிக்கொள்வார்கள். அங்கே இருக்கிற வைரஸும் சேர்ந்து ஏறிக்கொள்ளும்.

வீரபாண்டியில் திருவிழா தொடங்குவதற்கு முந்தின நாள் பகலில் முத்துராஜா வந்து எனக்கு முன்னால் நின்றார். கையில் பென்டிரைவ். கேலியைக் காணோம்.

"மாப்ள, பாட்டு பூராம் போச்சுடா. எல்லாம் அம்பு போட்ட குட்டிப் படமா நிக்குது. அமுக்குனா ஒண்ணும் வரல. தேனில ஒரு கட பாக்கி இல்ல. போன எடமெல்லாம் அழிச்சிரவான்னு கேக்குறாக. நாளைக்குக் கோயில்ல நான் வாயாலயா பாடுறது?"

சுருளிராஜன் அவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இங்கன விண்டோஸ் இல்ல மாப்ள. வேற கட பாரு."

(கவனித்தீர்களா? ஓர் ஆள் திரும்பிப் போகப் போகிறார். கெடு முடிகிற இடம் இது. பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.)

முத்துராஜா படியிறங்கினார்.

"அண்ணே, நில்லுங்க. இங்கன குடுங்க அத."

"இதுல கிடைக்குமா தங்கச்சி? பெரிய பெரிய கடையிலயே..."

"குடுங்கண்ணே."

செருகினாள். திரையில் அம்பு போட்ட குட்டிப் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவே, பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தாள். பாட்டு, பாட்டு, பாட்டு. உருட்ட உருட்டத் தீரவே இல்லை.*

"முட்ட போட்டுருச்சுண்ணே. எண்ணிப் பாத்துக்கங்க."

* வைரஸ் எதையும் அழித்திருக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தது. மறைக்கச் சொன்ன அந்தக் குறியை லினக்ஸ் மதிப்பதில்லை, அதனால் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன. விண்டோஸிலும் மறைந்ததை வெளியே கொண்டுவர வழி உண்டு. அவர் ஏறி இறங்கிய கடைகளில் அது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கிருபாவதிக்கும் தெரியாது. பார்ப்போமே என்றுதான் செருகினாள். இதை மறைத்திருந்தால் அவள் இன்னும் பெரிய ஆளாகத் தெரிந்திருப்பாள். எனக்கு மனம் வரவில்லை.

4

பாட்டுகளை மட்டும் வேறொரு புதிய பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். முத்துராஜாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டியிலிருந்து ஆளுயர ஸ்பீக்கரை இறக்கிக் கடை வாசலில் வைத்தார். அடித்தது பாருங்கள் உறுமி! கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. எதிர்க்கடை டீ மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். "தங்கச்சி கடடா இது!" என்று முத்துராஜா மைக்கில் சொன்னது ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

5

முடிவு ஒன்று: சுருளிராஜன் கண் கலங்கி, "என்னய மன்னிச்சிரு கிருபா" என்றார்.

(அவரை உங்களுக்குத் தெரியாது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அன்று முதல் தேனியில் எல்லாக் கடைகளும் லினக்ஸுக்கு மாறின.

(ஸ்கேனரே நம்பாது.)

நடந்தவரைக்கும் சொல்கிறேன். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது சுருளிராஜன் மேசைக்கு வந்தார். குனிந்து மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் காதில் கை வைத்து "என்னது?" என்றாள். அவர் திரும்பவும் சொன்னார். உறுமிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. வாசலில் நின்ற எனக்கு எங்கே கேட்கப் போகிறது?

அவர் சொன்னது என்ன என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கேலி, கோபம், பாராட்டு, எது வேண்டுமானாலும் போடுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும்: கிருபாவதியை அந்த நாற்காலியிலிருந்து எழுப்புகிற வாக்கியம் எதையும் இந்தக் கதை ஏற்காது.