அரைக்கதவுக்கு மேலே

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். மறுநாள் சாயங்காலம் சிவகாமசுந்தரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் பஜ்ஜியில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அப்புறம் அவள் வாய் திறக்க முடியாது. அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. படத்தில் காட்டியது தம்பியை, தாலி கட்டியது அண்ணன்!

"மாப்பிள்ளையை இன்னிக்கே பாத்தாகணும், தங்கம்."

சிராங்கூன் ரோட்டில் பூக்கட்டும் தங்கம் கண்ணைச் சிமிட்டினாள். "பக்கத்து சலூனுக்கு அஞ்சு மணிக்கு வர்றாராம். வா. ஆனா ஓடத் தெரியணும்லா!"

ஐந்து மணிக்கு, மல்லிகை வாங்குகிறவள்போல் நின்று, சலூனின் அரைக்கதவுக்கு மேலே எம்பிப் பார்த்தாள் சிவகாமசுந்தரி. கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல், ஒரு கையைத் தூக்கியபடி மாப்பிள்ளை அழகப்பன். அக்குளில் கத்தி ஓட ஓட, நெளிந்து நெளிந்து சிரித்தான்.

"அண்ணே, கூசுதுண்ணே!"

"அசையாதீங்க, நாளைக்கு மாப்பிள்ளை!" என்றார் சவரம் செய்துகொண்டிருந்த முத்துசாமி.

படத்தில் இருந்த அதே முகம்தான். வந்த வேலை முடிந்தது, போயிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்தாள். கண்ணாடிக்குள் அவன் கண் அவளைப் பிடித்தது. சிரிப்பு அணைய, துண்டை வாரி மார்பை மூடிக்கொண்டான்.

"ஓடுடி!" என்றாள் தங்கம்.

மறுநாள் பஜ்ஜித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள் சிவகாமசுந்தரி. இவன் சொல்லிவிட்டால் மானமும் போச்சு, மாப்பிள்ளையும் போச்சு.

"நல்லாப் பாத்துக்கப்பா" என்றாள் அவன் அம்மா.

"அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒருத்தருக்குத் தெரியாம ஒளிஞ்சு நின்னு பாக்கலாமா?" என்று கேட்டான் அழகப்பன்.

சிவகாமசுந்தரி தலையை நிமிர்த்தினாள்.

"தப்புதாங்க. மன்னிச்சிடுங்க. ஆனா என்னைப் பாக்க எட்டுப் பேர் வந்திருக்கீங்க. யாராவது என்னைக் கேட்டீங்களா? நான் பாக்க வேற என்ன வழி?"

"அடியேய்!" அவள் அப்பா வேலாயுதம் பாய்ந்து எழுந்தார்.

அதற்குள் அந்தக் கூச்சச் சிரிப்பு வெடித்தது. "நியாயம்தான் மாமா, உக்காருங்க. ஏங்க, இப்பப் பாத்துக்குங்க. சட்டையோட வந்திருக்கேன்."

"என்னடா உளர்றே?"

"இரும்மா, அவங்க பாக்கட்டும். சம்மதமான்னு அவங்களைத்தான் கேக்கணும்."

அவள் அவசரமே படாமல், எல்லோர் முன்னாலும், அவனை ஆசைதீரப் பார்த்தாள். அவன்தான் கூசி நெளிந்தான்.

"சம்மதம்" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.