வீட்டினான்

“கல்லறையில்” என்று செம்பியன் மைக்கில் சொன்னபோது, பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. பாயசம் நிற்கவில்லை. அது ஒரு பெரியவரின் இலையைத் தாண்டி வேட்டிக்கு இறங்கியது.

கிரகப்பிரவேச வீட்டில் எந்தச் சொல் ஆகாது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. செம்பியனுக்கும் தெரியும்தான். ஆனால் மைக்கைப் பிடித்த நேரம் அவன் தில்லையம்மாளின் தம்பியாக இல்லை, லிசிய மொழி ஆராய்ச்சியாளனாக இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே வாய் என்பதுதான் சிக்கல்.

கடலூர் செம்மண்டலத்தில் அக்காவும் மாமாவும் 2009இல் வீடு கட்டினார்கள். மாமா உத்திராபதி லாரிப் பட்டறையில் மெக்கானிக். வாசலில் பதிக்க ஒரு கருங்கல் பலகை எடுத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். “நாலு பேரு நின்னு படிக்கிற மாரி ஒரு வரி எழுதிக் குடு மச்சான். நம்மள்ல நீதான் படிச்சவன்.”

படித்தவன் என்பது தவறு. செம்பியன் சிதம்பரத்தில் ஆறாவது வருடமாகப் படித்துக்கொண்டே இருந்தான். துருக்கியின் தென்கரையில் இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் எழுதப்பட்டு, பிறகு அடியோடு மறைந்துபோன மொழி லிசியம். அதில் ஒரே ஒரு வினைச்சொல்தான் அவனுடைய ஆராய்ச்சி. சொந்தக்காரர்கள் அதை ‘லைசென்ஸ் மொழி’ என்றார்கள். முடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வேலை நிச்சயம் என்றும் நம்பினார்கள்.

அவன் எழுதிக் கொடுத்த வரி இது: ‘இக்கட்டடத்தை உத்திராபதி தம் மனைவிக்காகவும் மக்களுக்காகவும் கட்டினார்.’

மாமா அதை வாய்விட்டுப் படித்தார். திரும்பவும் படித்தார். “கட்டினார்னு போட்டுட்டியே, மேஸ்திரி சண்டைக்கு வந்துடப்போறாரு” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

செம்பியன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வரி அதோடு வாசலில் சுகமாக இருந்திருக்கும். ஆனால் விசேஷத்துக்கு அவனுடைய கைடு சௌந்தரம் மேடம் வந்திருந்தார். ஒரு வருடமாக அவருக்கு ஒரு அத்தியாயமும் காட்டாமல் பல்கலைக்கழக வராந்தாவில் தூணுக்குத் தூண் ஒளிந்து திரிந்தவன் அவன். பாட்டுக்கு வைத்த மைக் சும்மா இருந்தது. மேடமும் முதல் வரிசையில் இருந்தார்.

“இந்த வாசகம் லிசியக் கல்வெட்டுகளில் வருவது. அதில் ‘ப்ர்ன்னவதெ’ என்று ஒரு வினை. அதன் அடியில் இருப்பது வீடு என்ற சொல். வீட்டிலிருந்து கட்டடம் என்ற பெயர், அந்தப் பெயரிலிருந்து கட்டினான் என்ற வினை. கடைசியில் வரும் ‘தெ’ இறந்தகாலம். தமிழில் வீடு என்ற சொல்லையே வினையாக்கினால் எப்படி இருக்கும்? வீட்டினான்.”

பக்கத்து வீட்டு வைத்திலிங்கம், ரிட்டயர்டு தமிழாசிரியர், இலையிலிருந்து தலை நிமிர்த்தினார். “தம்பி, தமிழ்ல வீட்டினான்னா கொன்னான்னு அர்த்தம்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேடமும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் செம்பியனைக் கெடுத்தது. இன்னொன்று வேண்டும் போலிருந்தது.

“அதுவும் பொருந்தும் சார்” என்றான், தானும் சிரித்தபடி. “இந்தக் கல்வெட்டே எங்க இருக்கு தெரியுமா?”

“எங்க?”

அதற்குத்தான் அந்தப் பதில்.

மாமாவின் அக்கா விருத்தாம்பாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, “இன்னொரு பூசணிக்கா இருந்தா கொண்டாங்க” என்றாள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, வாசல் கல்லின் மேல் போட்டு மூடினார். கை கழுவப் போன மேடம் அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

அம்மா போன பிறகு செம்பியனுக்கு வீடு என்றால் அக்கா இருக்கும் இடம்தான். அந்த ஒன்றும் போய்விடுமோ என்ற பயத்தில் ஞாயிறு தவறாமல் கடலூருக்கு பஸ் ஏறினான். வாசலில் கல் இருந்த இடம் புதுச் சிமெண்டாக இருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். அதற்குப் பதில் நாற்காலி போட்டார்கள். அந்த வீட்டில் அவனுக்கு அதுவரை யாரும் நாற்காலி போட்டதில்லை. தரையில் உருண்டு டி.வி. பார்ப்பவன், இப்போது விருந்தாளி மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தட்டில் வைத்து நீட்டிய காப்பியைக் குடித்தான்.

“அக்கா, கோவமா?”

“சாப்டியா?”

“மாமா, நான் வரலாமா வேணாமா?”

“ஆலப்பாக்கத்துகிட்ட ரோடு வேலயாமே. பஸ்ஸு ரொம்ப லேட்டாவுதா?”

ஒரு நாள் துணிந்து இலக்கணத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டான். “மாமா, அந்த வினையில சாவுன்னு ஒரு எழுத்துகூட கெடையாது. அவுங்க கல்லறையக்கூட மர வீடு மாரியே பாறையில செதுக்குவாங்க. வேர் வீடுதான்.”

“அப்டியா” என்றார் மாமா. டி.வி. சத்தத்தை ஒரு புள்ளி ஏற்றினார்.

அடுத்த வாரம் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனான். குழாயடியில் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல் பளபளவென்று புதிதாக இருந்தது. எழுத்துப் பக்கம் மேலே. மாமாவின் காக்கிச் சட்டை ‘கட்டினார்’ மேல் விழுந்து விழுந்து எழுந்தது. எழுத்துகளுக்குப் பூசியிருந்த தங்க வண்ணம் முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். “எழுத்து இருக்கறதால துணி வழுக்கல” என்றாள்.

செம்பியனுக்குக் காதுவரை சூடேறியது. “கோவமான்னு கேட்டா இல்லங்கற. என்னான்னு சொல்லவும் மாட்டற. நான் என்னக்கா செஞ்சேன்? நேரா சொல்லிடு. நான் வரலாமா கூடாதா?”

அக்கா சட்டையைப் பிழிந்து பக்கெட்டில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“கல்லறைன்னு வாய் தவறி வந்திருந்தா நானே சிரிச்சிருப்பேன். அந்த வரிய மச்சான் நமக்காவ எழுதினான்னு பட்டறையில வர்றவன் போறவங்கிட்டலாம் உங்க மாமா படிச்சுக் காட்டிட்டிருந்தாரு. நீ அத உங்க மேடத்துக்கு எழுதியிருக்க. எங்கள வெச்சு அவுங்கள சிரிக்க வெச்ச. வா, வராம எங்க போவ. ஆனா கொஞ்ச நாளைக்கு நாற்காலியிலதான் உக்காரணும்.”