நாற்பது தலை வேண்டும்

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவருக்கு ‘ஆறுமணி’ என்று பெயர் வைத்தது அவருடைய அப்பா அம்மா அல்ல. இருபது வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே மைதானங்களில் நடந்த கொண்டாட்டங்களில், காலை ஆறு மணிக்கு மேடையேறி இசை போடுவது அவர் வேலை. ப்ரொக்ரசிவ் சைட்ரான்ஸ் என்ற மின்னணு நடன இசை. அதைப் பாட்டு என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்; அதில் யாரும் பாடுவதில்லையாம். ஒரு தாளம் கிளம்பும், எங்கே போகிறேன் என்று சொல்லாமல் ஒன்பது நிமிஷம் நடக்கும், ஆறாவது நிமிஷத்தில் எங்கோ ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும். அதுவரை பொறுத்திருக்க அன்றைக்கு நானூறு பேர் இருந்தார்கள்.

அந்த நானூறு பேருக்கும் சமைத்துப் போட்டவள்தான் அவர் மனைவி. பால், தயிர், முட்டை, தேன் எதுவும் சேராத வீகன் சமையல். ஆறுமணியோ கோழிக்கால் இல்லாமல் சோறு இறங்காத ஆள். மூன்றாவது கொண்டாட்டத்தோடு கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கொள்கைக்காக விட்டேன் என்பார். மச்சினி இதை இன்றுவரை நம்பவில்லை.

“கொள்கை கரண்டி பிடிச்சிட்டு நின்னுச்சு, மாமா விழுந்துட்டாரு. அவ்வளவுதான் கதை” என்பாள்.

கரண்டி விஷயம் உண்மைதான். அவர் தாளத்தின் நாலு அடிக்கு ஒரு சுற்றாக அவள் அண்டாவைக் கிண்டுவாள். தெரிந்து செய்வதில்லை, கை தானாகப் போகும். மேடையிலிருந்து அவர் கூட்டத்தைப் பார்த்ததைவிட அந்தக் கையைப் பார்த்ததுதான் அதிகம்.

பிறகு கூட்டம் கரைந்தது. சிலருக்குக் குழந்தை, சிலருக்கு முதுகுவலி. தேன் சாப்பிட்டவனைக்கூடத் திட்டிய குதிரைவால்காரர் இப்போது பர்கர் கடை வைத்திருக்கிறார். எதிரில் பார்த்தால் தெரு மாறிப் போய்விடுகிறார். இசையும் கைவிட்டது. ஒன்பது நிமிஷம் காத்திருக்க இப்போது யாருக்குப் பொறுமை? புதியவர்களுக்கு வேகம் வேண்டும், இரண்டு நிமிஷத்தில் கதவு திறக்க வேண்டும்.

மிஞ்சியது மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், டேபிள் டென்னிஸ் கிளப்பின் மாடி ஹால். மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு இரண்டிலிருந்து ஐந்துவரை. அதற்கும் வந்தது வினை. கிளப் செயலாளர், நல்ல மனிதர்தான், போன மாதம் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “சார், நாப்பது தலையாவது வேணும்னு கமிட்டியில பேசிட்டாங்க. அடுத்த தடவையும் வரலன்னா அப்புறம் ஹாலை உடம்பு குறைக்கிற வகுப்புக்குக் குடுத்துடுவோம்.”

ஆறுமணிக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஞாயிறும் போனால் அந்தக் காலத்திலிருந்து தொட்டுப் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது. வாடிக்கையாளரிடம் “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்டபடியே ஒரு முடிவுக்கு வந்தார். நிமிஷத்துக்கு நூற்று முப்பத்தெட்டு அடி என்பது அவர் கணக்கு. அதை நூற்று நாற்பத்தெட்டாக ஏற்றினார். ஒன்பது நிமிஷத்தை மூன்றாக வெட்டினார். பக்கத்து ஜிம்முக்குச் செய்தி அனுப்பினார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

ஞாயிறு இரண்டரைக்கு ஹால் நிறைந்துவிட்டது. நாற்பத்தாறு பேர். அதில் இருபத்தெட்டு முகம் புதுசு. குதிக்கிறார்கள், போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். செயலாளர் கதவருகில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், “அஞ்சு மணிக்கு இன்னொரு தடவை எண்ணி எழுதிடறேன் சார்.”

ஆறுமணிக்கு உச்சி குளிர்ந்தது. வழக்கம்போல மூலையைப் பார்த்தார். மின்சார அடுப்பில் கொண்டைக்கடலையும் பூசணியும் கொதித்துக்கொண்டிருந்தன. கரண்டி நின்றிருந்தது. கிண்டப் பார்த்தாள், இரண்டு சுற்று போனது, தடுக்கியது. கரண்டியைத் தட்டின்மேல் வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை, தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

பழைய ஆட்கள் பதினெட்டு பேரில் இரண்டு பேர் புதுசுகளோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் அடுக்கிவைத்த மேஜைகள் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள்.

வேகத்தைக் கூட்டும் பொத்தானில் ஆறுமணியின் விரல் இருந்தது. ஒரு புள்ளி குறைத்தார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தாளத்தில் இன்னொரு புள்ளி. நாலு மணிக்கு நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டார், வெட்டியதையும் ஆறேழு நிமிஷமாக நீட்டியிருந்தார். ஜிம்காரன் ஒருவன் மேடையருகே வந்தான்.

“அண்ணே, தூங்க வைக்கிறீங்களா?”

“ஆறாவது நிமிஷம் வரைக்கும் நில்லுப்பா.”

“அதுவரைக்கும் நின்னா கால் மரத்துடும்ணே.”

இருவர் போனார்கள், பிறகு நாலு பேர். சாப்பாட்டுப் பக்கம் போன சிலர் சீஸ் இல்லையா என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினார்கள். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். நாற்பது, முப்பத்தாறு. அந்த இடத்தில் பொத்தானை மேலே தள்ளியிருந்தால் பாதிப் பேராவது நின்றிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். நூற்று முப்பத்தெட்டுக்கு இறக்கி, வெட்டாத ஒன்பது நிமிஷத்தைப் போட்டார். இருபத்துமூன்று.

மூலையில் கரண்டி சுற்ற ஆரம்பித்தது. நாலு அடிக்கு ஒரு சுற்று.

ஐந்து மணிக்குச் செயலாளர் வந்தார். ஒரு தடவை எண்ணினார். இரக்கப்பட்டு இன்னொரு தடவையும் எண்ணினார், அடுப்பருகில் நின்றவளையும் சேர்த்து. “பத்தொன்பதுதான் சார் வருது” என்றார், தன் தப்பு மாதிரி. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் தட்டை நீட்டினாள். அவரும் சாப்பிட்டார். எல்லாரும் சாப்பிட்டார்கள், நின்றுகொண்டே.

காலி அண்டாவை ஆளுக்கொரு காது பிடித்து இருவரும் படியில் இறங்கினார்கள். அவள் அவரை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள். தெரு அதைப் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

“வேகத்த ஏன் கூட்டின?” என்றாள்.

“நாப்பது தலை கேட்டாங்க. உன்கிட்ட சொல்லல.”

“செயலாளர் சம்சாரம் அன்னிக்கே சொல்லிட்டா.”

அவர் படியில் நின்றுவிட்டார். அண்டா அவள் பக்கம் சாய்ந்தது.

“தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலையா?”

“என்னத்தக் கேக்க? நான் இன்னிக்கு இருபது பேருக்குத்தான் சமைச்சேன்” என்றாள் அவள். “நேராப் பிடி, கைய இழுக்குது.”