சாமைக் கொல்லைப் பாட்டு

கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணி மறுபடியும் அவிழ்ந்துகொண்டது. சசிகலா உதட்டைக் கடித்தபடி இன்னொரு முடிச்சுப் போட்டாள். அண்ணன் இளவரசனின் பாதம் மஞ்சள் பூசாமலே மஞ்சளாக இருந்தது. காமாலை அவனை உள்ளங்கால் வரைக்கும் தின்றுவிட்டிருந்தது. இருபத்தாறு வயதில் சாகிற நோயா இது? போளூரில் ரூம் எடுத்துத் தங்கி, கண்ட கடையில் தின்று, கண் மஞ்சளான பிறகும் "ஒடம்பு சூடுதான், சரியாப்பூடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் வேறென்ன ஆகும்.

"இறுக்கிக் கட்டுடி," என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கன்னியம்மாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அப்பா குப்பன் வாசலில் குத்துக்காலிட்டு, யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளக்காரர்கள் டீ குடிக்க எழுந்துபோன சமயம், பாலமுருகன் உள்ளே வந்தான். போளூரில் இளவரசனோடு ஒரே ரூமில் இருந்தவன். கையில் இருந்த சின்ன ஸ்பீக்கரைப் பிணத்தின் தலைமாட்டில் வைத்தான்.

"எம்மா, இது அவன் போட்ட பாட்டும்மா. நெட்ல வுட்டு கொஞ்ச நாள்தான் ஆவுது. அதுக்குள்ள எங்க பார்த்தாலும் இதான் ஓடுது. அவன் போறப்ப இத்தக் கேட்டுக்கினே போவட்டும்."

முதலில் இளவரசனின் குரல் வந்தது. "இது... இளவரசன் மியூசிக். ஜவ்வாது மலையிலிருந்து." பெண்கள் எல்லாரும் ஓவென்று கதறினார்கள். கதறலுக்கு அடியிலிருந்து டொக், டொக் என்று புளி தட்டுகிற சத்தம் எழும்பி வந்தது. அதன்மேல் முறத்தில் சாமை புடைக்கிற சத்தம் சேர்ந்துகொண்டது.

முடிச்சின்மேல் இருந்த சசிகலாவின் விரல்கள் அப்படியே நின்றன. அடுத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை விழும். விழுந்தது. மழை தேயத் தேய, புல்லாங்குழல் மாதிரி ஒரு ராகம் மெல்ல ஏறும். ஏறியது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவள் போட்ட பாட்டு அது.

டும் டும் என்று இரண்டு அடி விழுந்தது. உடனே ஒரு பெண் குரல்: "ஆடு சாமக் கொல்லையில பூந்துடுச்சி பாரு!"

கன்னியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயோ, இது என் கொரலு! பாரேன், என் கொரலு! என் புள்ள எனக்குத் தெரியாமயே என் கொரல வச்சிப் பாட்டுப் போட்டுக்கீறானே!"

சசிகலா எழுந்து வெளியே போனாள்.

ஜமுனாமரத்தூர் சேவை மையத்தில் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தட்டிக்கொடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. பூட்டி வைத்திருப்பார்கள். அதற்காகவே இளவரசன் ஒருநாள் ஒரு பென் டிரைவ் வாங்கிவந்தான். பாட்டுப் போடுகிற சாஃப்ட்வேர் அதற்குள்ளேயே ஓடும். செருகு, திற, வேலையைப் பார், பிடுங்கிக்கொண்டு கிளம்பு. "வந்த சுவடே தெரியாது பாத்துக்க," என்றான் பெருமையாக. அவன் இரண்டு நாள் நோண்டிவிட்டு விட்டுவிட்டான். அவள் விடவில்லை. ஜனம் சாப்பிடப் போகிற மத்தியான நேரமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுச் சத்தங்களை போனில் பிடித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, இடம் போதாததால் போனில் இருந்ததை அழித்துவிடுவாள். யாருடைய பென் டிரைவோடும் மாறிப்போகக் கூடாதென்று அதன் முதுகில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

"கோழி கத்தறதயும் மொறம் பொடைக்கிறதயும் எவடி கேப்பா?" என்று அண்ணன் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

போன பொங்கலுக்கு வந்தவன், "ஒரு நாளைக்குக் குடு, பிரெண்டுக்குக் காட்டிட்டுத் தர்றேன்," என்று வாங்கிக்கொண்டு போனான். மறுவாரம் போன் பண்ணினான். "சசி, அது கரப்ட் ஆயிடுச்சி. இன்னா இன்னாவோ பண்ணிப் பாத்தேன், தெறக்கவே இல்ல. தூக்கிப் போட்டுட்டேன். உடு, வேற வாங்கித் தர்றேன்." அவள் மையத்துக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். சொன்னபடியே அதில் சுவடே இல்லை. சோறு இறங்காமல் கிடந்த அவளைப் பார்த்து, "ஒரு குச்சி போனதுக்கு இந்த அழுவையா?" என்று அம்மா திட்டினாள். அதற்கப்புறம் அவள் ஒரு சத்தத்தையும் பிடிக்கவில்லை.

போளூரிலிருந்து வந்த ஜீப்புக்குப் பக்கத்தில் பாலமுருகன் நின்றிருந்தான்.

"ண்ணா, எங்கண்ணன் பையி எங்க?"

"எத்துக்கினு வந்துட்டேன்மா. இந்தா." சீட்டுக்கடியிலிருந்து இழுத்துக் கொடுத்தான்.

இரண்டு சட்டை, ஒரு சார்ஜர், மாத்திரை அட்டை. பக்கத்து ஜிப்பைத் திறந்தாள். சிவப்புப் பொட்டோடு அங்கே இருந்தது. தூக்கிப் போட்டானாம்.

"அத்த வச்சிதான் வேல செய்வான்," என்றான் பாலமுருகன். "என் லேப்டாப்ல சொருவிப்பான். மெட்ராஸ்ல ஒரு ஸ்டுடியோக்காரரு கூப்ட்டுப் பேசனாரு தெரியுமா? இன்னும் இந்த மாதிரி பத்து குடுன்னாரு."

"யாரு போட்டதுன்னு எங்கண்ணன் சொல்லிச்சி?"

"இன்னாமா கேக்குற? அவன் போட்டதுதான். வூட்டு நெனப்பு வந்தா போடுவேன்னு சொல்லுவான்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்கம்மா கொரலு கேட்டாதான் எனக்குத் தூக்கம் வரும்னுவான்."

சசிகலா பையின் ஜிப்பை வெடுக்கென்று இழுத்து மூடினாள். செத்தவனைத் திட்டக் கூடாதாம். யார் போட்ட சட்டமோ! ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, "பையி... சசி, அந்தப் பையி," என்று இரண்டு தடவை கேட்டான். "பத்திரமா ரூம்ல கீதுண்ணா, நீ தூங்கு," என்று அவன் வாயைத் துடைத்துவிட்டாள் இந்தப் பைத்தியக்காரி. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சொல்லிவிட நினைத்தானா, இல்லை, பையை அவள் திறந்துவிடுவாளோ என்று பயந்தானா? இனி யாரைப் போய்க் கேட்பது?

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு கன்னியம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டு முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"கேளு ஈஸ்வரி, தோ இப்ப வரும் பாரு. என்னிக்கிப் புடிச்சானோ! ரெண்டு வருசமா வூட்டுப் பக்கமே ஒழுங்கா வர்ல, ஆத்தாள மறந்துட்டான்னு எத்தினி பேர்கிட்ட சொல்லி அழுதிருப்பேன். மறக்கலியே! என்ன நெஞ்சுலயே வச்சிக்கினு கீறான்."

"ம்மா," என்றாள் சசிகலா.

"இன்னாடி?"

"அந்தக் கொரலு... அன்னிக்கி நீ கூப்ட்டது..."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து பித்துப் பிடித்தமாதிரி இருந்த அந்த முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. சொன்னால் அதுவும் போய்விடும்.

"உன்ன மாதிரியே கேக்குதும்மா," என்றாள்.

"என்ன மாதிரியா? நானேதான்டி!" அம்மா அவள் கையைப் பார்த்தாள். "அது இன்னா, அவன் குச்சியா? இதுலதான் போடுவானாமே, பாலமுருகன் சொன்னான். நீயுந்தான் அந்தக் கம்பூட்டர் முன்னாடியே குந்திக்கினு இருந்த, உங்கண்ணன்கிட்ட இதுல கொஞ்சம் கத்துக்கினு இருக்கலாம் இல்ல?"

சசிகலா பென் டிரைவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அத்த அவன் சட்டப் பையில வெய்யி. பீடி குடிக்கிறவனுக்கு பீடி வெப்பாங்க. எம்புள்ளைக்கி அதான். அவங்கூடவே போவட்டும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சசிகலா குனிந்து அண்ணனின் புதுச் சட்டைப் பைக்குள் விரல்களை விட்டாள். உள்ளே சில்லென்றிருந்தது. வைத்ததுபோல் காட்டி, பையின்மேல் ஒரு தடவை தடவிவிட்டு, மூடிய கையை வெளியே எடுத்தாள். தன் பொருளைத் தானே திருட வேண்டியதாயிற்று. யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று அழுவதுபோல் அந்தக் கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். வைத்ததும் அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. அவன்மேல் உயிரை வைத்திருந்தாளே, பாவி.

"அழுவு, நல்லா அழுவு," என்று ஈஸ்வரி அவள் முதுகைத் தடவினாள். "அண்ணன்னா சும்மாவா."

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. மேளம் முன்னால் போக, ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். சரிவில் ஏறித் திரும்புகிற இடத்தில் மேளம் ஓய்ந்தபோது, பாலமுருகன் கையிலிருந்த ஸ்பீக்கர் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. வாசலில் நின்ற பெண்களை எல்லாம் கன்னியம்மாள் கையமர்த்தினாள்.

புளி தட்டுகிற சத்தம். முறம். மழை.

அன்றைக்கு அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டதை சசிகலா சமையல்கட்டில் நின்று போனில் பிடித்தாள். "அடியே சசீ, ஆடு சாமக் கொல்லையில பூந்துடுச்சி பாரு!" முதல் இரண்டு வார்த்தையை அண்ணன் வெட்டியிருந்தான். வெட்டிய தடம் தெரியாமல் அதன்மேல் இரண்டு அடி வைத்திருந்தான். எவ்வளவு நேரம் உட்கார்ந்து செய்திருப்பான்.

மேட்டில் டும் டும் என்று கேட்டது.

"பேரு சொல்லாம நான் கூப்புடவே மாட்டேன். அந்த எடத்துல 'ராசா'ன்னு கூப்ட்டிருப்பேன்," என்றாள் அம்மா மெதுவாக. "எளவரசான்னு என்னிக்கி நான் கூப்ட்டேன்? ராசான்னுதானே கூப்புடுவேன். இல்லடி?"

"ஆமாம்மா," என்றாள் சசிகலா.

மூடிய கைக்குள் பென் டிரைவ் வேர்த்து வழுக்கியது. அவள் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.