பதினோரு மணி வரை நிழல்

நான் படித்த பாலைவனங்களில் எல்லாரும் தாகத்தால்தான் செத்தார்கள். சங்கரன்கோவில் கிளை நூலகத்தின் கடைசி அலமாரியில், ரஷ்யாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தமிழுக்கு வந்த தடித்த புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒட்டகம் சாய்ந்தது, தோல்பை கிழிந்தது, கானலைப் பார்த்து மனிதர்கள் ஓடினார்கள். அதனால் அண்ணன் ஓமனுக்குப் போனபோது, அவனுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று மட்டும்தான் பயந்தேன்.

அண்ணன் கோமதிநாயகம் 1981-இல் மலைக்குள் ரோடு போடும் ஒரு கம்பெனிக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போனான். அப்பா இல்லாத வீடு. அம்மா, அவன், நான். முகாமைச் சுற்றி மொட்டை மலைகள், வெள்ளிக்கிழமை லீவு, போக்கிடம் கிடையாது என்று எழுதினான்.

"இங்கன ஒரு மரம் கெடையாது பூரணம். ஆட்டுத் தடம் மட்டும் மலைமேல ஏறிப் போகுது. நீதான் புஸ்தகத்துலயே ஊரு ஊரா சுத்துனவளாச்சே, காலையில போயி சாயந்தரம் திரும்புத மாதிரி எனக்கு ஒரு வழி போட்டுக் குடு."

விளையாட்டாகத்தான் கேட்டிருந்தான். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சிவகிரிக்கு மேற்கே நீலமாகத் தெரியும் மலையில்கூட ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் கேள்வி கேள்வியாக எழுதி அனுப்பினேன். முகாமிலிருந்து மலையடிக்கு எத்தனை நிமிடம்? சூரியன் எந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து வருகிறது? செருப்பு எப்படி இருக்கிறது? அவன் படம் வரைந்து அனுப்பினான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அதைப் பெரிதாக வரைந்தேன். ஏற்றத்தில் ஒரு ஆள் எப்போது களைப்பான் என்று தெரிந்துகொள்ள, தண்ணீர்க் குடத்தோடு மொட்டைமாடிக்கு இருபது தடவை ஏறி இறங்கினேன்.

"என்னட்டி, தொட்டி கழுவுதியா?" என்றாள் அம்மா.

"அண்ணன் மலை ஏறுதாம்மா."

"அவன் அங்கன ஏறுனா நீ ஏன் இங்கன மூச்சு வாங்குத?"

முதல் திட்டம் போய்ச் சேரப் பதினைந்து நாளாயிற்று. ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். நாலு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாட்டில் காலியானதும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அவன் போய்வந்து பதில் எழுதினான்: "நீ சொன்ன பாறையில நீ சொன்ன நேரத்துக்கு உக்காந்து ரொட்டி தின்னேன். கூட வேலை பாக்குத மன்சூர் அலி கேக்கான், உன் தங்கச்சி இங்க முன்னாடியே வந்துருக்காளான்னு."

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இரண்டாவது திட்டமும் பலித்தது. நான் பாத்திரம் தேய்க்கும்போதுகூட என் கால்கள் வேறெங்கோ சூடான கற்கள்மேல் நடந்துகொண்டிருந்தன.

மூன்றாவதற்கு அவனே இடம் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கம் ஊற்றும் பேரீச்சை மரங்களும் உள்ள ஒரு சிறிய கிராமம். போக இரண்டு வழி. மேலே முகட்டுப் பாதை. ஆடு மேய்க்கிறவர்கள் அதில்தான் போவார்கள், ஒரு கையளவு நிழல் கிடையாது. கீழே இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே காய்ந்த ஓடை. வாதி என்பார்களாம். கூழாங்கல் நிரவிய சமதளம். 'நிழலை விட்டுட்டு இவங்க ஏன் வெயில்ல போறாங்கன்னு தெரியல' என்று எழுதியிருந்தான்.

நான் அந்தக் கேள்வியில் நின்றிருக்க வேண்டும். ஆடு போகிற வழியில் ஆள் போகிறான், அவ்வளவுதான் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு முடுக்கு உண்டு. ஒரு ஆள் போகலாம், எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்க முடியாது. அண்ணன் வரைந்த ஓடையும் அதே போலத் தெற்கு வடக்காக ஓடியது. நாலு நாள் முடுக்கில் நின்று, வெயில் இறங்க இறங்கச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டேன். தரைக்கு வெயில் வரப் பதினோரு மணி ஆயிற்று. மாசிக் கடைசி. கடிதம் போய்ச் சேரும்போது பங்குனி ஆகிவிடும். பங்குனி வெயில் நம் ஊரிலேயே மண்டையைப் பிளக்கும். ஆகவே எழுதினேன்: 'மேலே போகாதே. ஓடை வழியாகவே போ. நம் முடுக்கு மாதிரிதான். பதினோரு மணி வரை உன்மேல் வெயில் படாது.'

தந்தி பங்குனி முடியும் நேரத்தில் வந்தது. தபால்காரர் வாசலில் நின்றே படித்துச் சொன்னார். விபத்து என்று மட்டும் இருந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகப் பிறகு ஒரு காகிதம் வந்தது.

வைகாசியில் மன்சூர் அலி வந்தார். கடையநல்லூர்க்காரர். அண்ணனுடைய தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையா, நான் ஜும்மா தொழுகைக்கு நின்னுட்டேம்மா. 'பேரீச்சம்பழம் கொண்டு வாரேன், பாய்'னு சொல்லிட்டுத்தான் போனாப்ல. எங்க தலைக்கு மேல ஒரு பொட்டு மேகம் கெடையாது. எங்கயோ உள்மலையில மழை பேஞ்சிருக்கு. அந்தத் தண்ணி அவ்வளவும் அந்தப் பள்ளத்துக்குள்ள வந்துட்டு. அந்த ஊர்க்காரங்க மேகம் தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் அதுக்குள்ள எறங்க மாட்டாங்களாம். எங்களுக்குப் பொறவுதான் தெரியும்."

"தண்ணியிலயா?" என்று கேட்டாள் அம்மா. "பாலைவனம்னுல்லா சொன்னான்?"

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

நான் கேட்டேன்: "அண்ணே, நான் கடைசியாப் போட்ட லெட்டர் அவனுக்கு வந்துச்சா?"

"வரல தங்கச்சி," என்றார் உடனே. "அந்த வாரம் தபால் லாரியே வரல. அவனாத்தான் கெளம்பிப் போனான்."

அவர் போன பிறகு அம்மா பெட்டியைத் திறந்தாள். இரண்டு கைலி, ஒரு ஷேவிங் செட், எனக்கென்று வாங்கிய நீல மை பேனா, டப்பியோடு. சட்டை மடிப்புக்குள் என் கடிதங்கள், நூல் போட்டுக் கட்டி. மேலே இருந்தது கடைசிக் கடிதம். ஓரம் பிளேடால் நேராகக் கிழிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் டிக். நாலு பாட்டில், டிக். ஐந்து மணி, டிக். முடுக்கு என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் அவன் கையெழுத்து: 'கெட்டிக்காரி!'

"என்னட்டி அது? வாசி."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நலம், நலமறிய ஆவல் என்று ஒரு பொய்க் கடிதத்தை அந்த இடத்திலேயே படித்திருக்கலாம். எனக்கு அது வராதா? ஆனால் படித்தேன். தேதியிலிருந்து படித்தேன். ஓடை வழியாகவே போ என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அந்த வரியைச் சொன்னேன். அவள் என் கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்தால் போதும் என்றிருந்தது.

அம்மா என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவன் மேல வெயில் படக் கூடாதுன்னு எழுதியிருக்கியே மக்கா," என்றாள். "அம்புட்டுத் தூரத்துல கெடந்த பிள்ளைக்கு, நம்ம முடுக்குல நின்னு பாத்து நெழல் சொல்லியிருக்கியே."

"அம்மா, நான் சொன்னதாலதாம்மா—"

"லெட்டர் போயிச் சேரலன்னு அந்தத் தம்பி சொன்னானே. பொறவு வந்தத பெட்டியில போட்டிருப்பாங்க. போயிச் சேர்ந்திருந்தா எம்பிள்ளை நெழலாப் போயிருப்பான்."

நான் வாயைத் திறந்தேன். சிவப்பு டிக் எல்லாம் என் கையில் இருந்தன. அவளுக்கு அவை தபாலாபீஸ் முத்திரை போல ஏதோ கோடுகள். மன்சூர் அலி சொன்ன பள்ளத்தையும் என் ஓடையையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை வாசி," என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு. "அந்த நெழல் வருதுல்லா, அந்த எடத்த மட்டும்."

வாசித்தேன்.