பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு

ஹட்டன் ரோட்டோரத் தகரக் கொட்டகையில் பலகை அறுக்கும் மெஷின் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடியது. மேசை நடுவில் சுழலும் வட்ட பிளேடுக்கு இந்தப் பக்கம் நின்று சுமன் பலகையைத் தள்ளினான். அந்தப் பக்கம் அவன் மனைவி சுலக்ஷனா அறுபட்டு வருவதை வாங்கி அடுக்கினாள். போன வருஷம் வரை அவள் மலையில் கொழுந்து பறித்தவள். இதே மெஷினில் நின்ற ஜெயகாந்தனின் வலது கையில் விரல்கள் போனபிறகு அந்த இடத்துக்குச் சுமனைக் கூப்பிட்டார்கள். புருஷனின் கை கண்ணெதிரே இருக்கட்டுமென்று அவளும் கூடவே வந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் கட்டாரிலிருந்து சுமனின் தம்பி கிஷாந்த் வீடியோவில் வந்தான். அவனுக்கும் அங்கே மரவேலைதான். "மெஷினக் காட்டுண்ணே," என்றவன் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"பிளேடு மூடி எங்க?"

"பெட்டியில கெடக்கு. போட்டா வேல சுணங்குதுன்னு மொதலாளி கழட்டிட்டாரு."

"பின்னால ஒரு தகடு நிக்கணுமே, பிளேடு ஒசரத்துக்கு?"

"என்னா தகடு?"

கிஷாந்த் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஈரப் பலகைய நீளவாட்டுல கிழிச்சா, கிழிச்ச வாய் மறுபடி மூடப் பாக்கும். மூடிக்கிட்டு பிளேடக் கவ்விருச்சின்னா பலகை ஒன் வயித்துக்கே பாயும். கிக்பேக்னு சொல்லுவாங்க. வாய மூட விடாம நிக்கிறதுதான் அந்தத் தகடு. குறுக்க துண்டு போடுறப்ப பலகைய அணைச்சிப் புடிக்கிற ஓரத்து பென்ஸத் தள்ளி நகட்டி வச்சிரு. இல்லாட்டி துண்டு நடுவுல சிக்கிப் பறக்கும். பிளேடுக்கு நேரா நிக்காத. கடைசிக் கொஞ்சத்தக் கையால தள்ளாம கட்டையால தள்ளு. அண்ணி, நீங்க பலகைய இழுக்காதீங்க, தாங்குனா போதும்."

"ஜெயகாந்தன் அண்ணனுக்கும் பலகை பின்னுக்கு எகிறித்தான் கை உள்ள போச்சுன்னாங்க தம்பி," என்றாள் சுலக்ஷனா.

"அதேதான் அண்ணி."

அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். ஜெயகாந்தன் பராக்குப் பார்த்தான் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

முதலாளி முத்துலிங்கம் முன்னறையில் போனில் இருந்தார். இறம்பொடை ஹோட்டலுக்குப் போகவேண்டிய கட்டில்கள் அவருடைய தலையைத் தின்றுகொண்டிருந்தன. அவள் விஷயத்தைச் சொன்னாள். "இத்தன நாளு அது இல்லாமதானே ஓடுச்சு?" என்றார் அவர்.

"எங்க சாப்பாட்டு நேரத்துலயே மாட்டிர்றோம் மொதலாளி."

"மாட்டு. வேல மட்டும் கொறையக்கூடாது."

பெட்டியின் அடியில் தூசியோடு தகடும் மூடியும் கிடந்தன. கரண்டை நிறுத்திவிட்டு, கிஷாந்த் போனில் சொல்லச் சொல்லச் சுமன் மாட்டினான். மரச்சட்டத் துண்டொன்றைச் செதுக்கித் தள்ளுகட்டையாக்கினாள் அவள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் டர்பன்டைன் மரத்துப் பலகைகள் வந்தன. வெட்டி அதிக நாளாகாத மரம். தொட்டால் கை ஈரமாகியது. அகலமான ஒரு பலகை பாதி அறுபட்டபோது பிளேடின் சத்தம் முனகலாக இறங்கியது. அறுபட்ட வாய் மூடிக்கொண்டு வருவதைச் சுலக்ஷனா தன் பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்தாள். இரண்டு பக்கமும் தகட்டை நெரித்துக்கொண்டு பலகை அசையாமல் நின்றது.

"என்னங்க, அமத்துங்க!"

சுமன் பலகையை விடாமல் முழங்காலால் சுவிட்சைத் தட்டினான். பிளேடு மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. கொட்டகையில் மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணும் ஆகல புள்ள," என்றான். பிறகு இரண்டு பேருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மெஷின் சத்தம் நின்றதைக் கேட்டு முத்துலிங்கம் ஓடிவந்தார். சுலக்ஷனா சுமனின் வலது கையைப் பிடித்து, மரத்தூளை ஊதி ஊதி ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவர்களைத் தாண்டிப்போய், பலகையைக் குனிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார்.

"அப்பாடா," என்றார். "பலகை வெடிக்கல."