இரண்டாவது படம்

மண்டையோட்டு மேடம் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் கிடங்கு ஆட்கள். காதில் விழாத மாதிரி நடந்துவிடுவாள். ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கேனிலும் எந்த ஆபத்துப் படம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவளுடைய வேலை. தீப்பிடிக்குமா, அரிக்குமா, குளத்து மீனைக் கொல்லுமா, ஆளையே கொல்லுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து, இன்ன சரக்குக்கு இன்ன படம் என்று கையெழுத்துப் போடுவாள். மண்டையோட்டை அவள் ஆசைப்பட்டு ஒட்டுவதில்லை. ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் விட்டதும் இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரே ஒரு சரக்கை வைத்துத்தான் அவளுக்கும் விற்பனை மேலாளருக்கும் இழுபறி. லாரிகளின் அலுமினியச் சக்கரங்களைப் பளிச்சென்று ஆக்கும் திரவம் அது. பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். தெளித்து, கொஞ்ச நேரம் விட்டு, குழாயைப் பீய்ச்சினால் ஆண்டுக்கணக்கில் ஏறிய கறுப்பு அப்படியே வழிந்து ஓடிவிடும். அதில் இருந்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அதற்கு ஒரே ஒரு படம்தான் கொடுத்திருந்தார்: திரவம் சொட்டி, கை அரிபட்டுப்போகும் படம். புதிய விதிகள் வந்தபோது அவள் முதலிலிருந்து கணக்குப் போட்டாள். இரண்டாவது படமாக மண்டையோடு வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

"ஏற்கெனவே கை வெந்துபோற படம் இருக்கே மேடம்," என்பார் விற்பனை மேலாளர். கோபமாகச் சொல்ல மாட்டார். அவரும் களைத்துப்போயிருந்தார். "அதைப் பார்த்தாலே எவனும் ஜாக்கிரதையாத்தான் இருப்பான். இன்னொண்ணு எதுக்கு?"

"அது மேல அரிக்கும்னு சொல்ற படம். இது மேலயே நிக்காது. உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போகும். ரத்தத்துல இருக்கிற கால்சியத்தை இழுத்துக்கும். நிறையப் பட்டா இதயமே நின்னுடும். அரிக்கிறது வேற, விஷம் வேற. இது ரெண்டும்."

"இதையெல்லாம் நான் லாரிக்காரன்கிட்ட சொல்ல முடியுமா? விஷம்னு எழுதியிருந்தா வேற சரக்கோட சேர்த்து ஏத்த மாட்டேங்கறான். கழுவுற பசங்க கேனைப் பார்த்ததும் ஓடிப்போயிடறாங்க."

"ஓடட்டும்."

"ஓடி எங்க போறாங்க?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். இதே பேச்சை அவர்கள் எத்தனை முறை பேசியிருப்பார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து போன பிறகு, தான் ஏதோ தவறு செய்துவிட்ட மாதிரி ஒரு சோர்வு அவள் மேல் வந்து உட்காரும். வீட்டுக்குப் போய்ச் சமைத்து, கணவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, படுத்தால் அந்தச் சோர்வும் கூடவே படுக்கும்.

அவளுடைய தம்பி ஊர்க் கோடியில், நெடுஞ்சாலை ஓரமாக, லாரி கழுவும் கூடம் வைத்திருந்தான். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் பாதி அவள் வளர்த்த பிள்ளை. முன்பெல்லாம் இந்தத் திரவத்தை அவளுடைய தொழிற்சாலையிலிருந்துதான் வாங்குவான். பிறகு நிறுத்திவிட்டான். "இப்ப வெறும் சோப்புத் தண்ணிதான்கா. அதுவே நல்லாத்தான் போகுது," என்றான். அவளுக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இவ்வளவு வருஷத்தில் என் பேச்சைக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான் என்று கணவரிடம்கூடச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில், மேஜைக்கு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது.

"வேலையா இருக்கீங்களா அண்ணி?"

"இருந்தா என்ன, சொல்லு."

"அவருக்குக் கை வலி. ராத்திரி முழுக்கத் தூங்கல. பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்ட போனோம். என்னத்தைத் தொட்டேன்னு கேட்டார். இவர் சோப்புத் தண்ணின்னு சொன்னார். அப்ப தசைப் பிடிப்பாத்தான் இருக்கும்னு மாத்திரை குடுத்தார். கேக்கல அண்ணி. சுவத்துல போய்க் கையை இடிச்சுக்கறார்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கை வீங்கியிருக்கா? கொப்புளம் ஏதாவது?"

"பெரிசா ஒண்ணும் இல்லை. அதான் எனக்குப் புரியல. லேசா சிவந்திருக்கு. நகத்துக்கு அடியில மட்டும் வெள்ளையா, செத்தாப்ல இருக்கு."

"நேத்து வேலை செய்யும்போதே வலிச்சுதா?"

"இல்லையே. சாப்பிடறப்பகூட நல்லாத்தான் இருந்தார். படுத்ததுக்கு அப்புறம்தான்."

நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்ட கை இப்படித்தான் ஏமாற்றும். பட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். அதற்குள் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கீழே கீழே போயிருக்கும்.

முதலுதவிப் பெட்டியில் இந்த அமிலத்துக்கென்றே வைத்திருந்த கால்சியம் களிம்புக் குழாய்களையும் ஒரு பெட்டி கையுறையையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். விற்பனை மேலாளர் எங்கேயோ கிளம்பி, காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அவள் போய் வண்டிக்குக் குறுக்கே நின்றாள். அவர் கண்ணாடியை இறக்கி, அவள் கையிலிருந்த குழாய்களைப் பார்த்தார். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

சிக்னலில் நின்றபோது அவர் மெல்லக் கேட்டார்.

"நம்ம சரக்கா?"

"என் தம்பி இப்ப வாங்குறதில்லை. சோப்புத் தண்ணின்னு சொல்றான்."

அவர் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "நீலக் கேனா இருக்கும் மேடம். பேர் இல்லை, படம் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒருத்தன் மூணு சக்கர வண்டியில போட்டுக்கிட்டு கூடம் கூடமா வந்து குடுக்கிறான். நம்மகிட்ட வாங்கினவங்க பாதிப் பேர் அவன்கிட்டதான் போயிட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"ஓடி எங்க போறாங்கன்னு கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்."

தம்பி தன் வீட்டு முன்னறையில், நாற்காலியில் முன்னால் சாய்ந்து, வாளி ஐஸ் தண்ணீருக்குள் வலது கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அக்காளைக் கண்டதும் கையை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தான்.

"என்ன தொட்டே?"

"சோப்புத் தண்ணிதான்கா."

"டாக்டர்கிட்ட சொன்ன பொய்யை என்கிட்டயும் சொல்லாதே. நேரம் போயிட்டிருக்கு."

அவன் மனைவியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "நீலக் கேன்," என்றான். "கையுறையில விரல் நுனி கிழிஞ்சிருந்தது. நான் கவனிக்கல."

அவள் திட்டவில்லை. குழாயடியில் அவன் கையை ஓடும் தண்ணீரில் நீட்டச் சொன்னாள். தான் கையுறை மாட்டிக்கொண்டு, களிம்பைக் குழாய் குழாயாகப் பிதுக்கி விரல்களில் அழுத்தித் தேய்த்தாள். நக இடுக்கில் தேய்க்கும்போது அவன் மாடு மாதிரி முக்கினான். கண்ணில் நீர் தாரை தாரையாக வழிந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வந்தாலும் இவன் அழுததில்லை. அவள் நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன் கேன்ல மண்டையோடு வந்த வாரமே ரெண்டு ஆளு நின்னுட்டாங்கக்கா," என்றான் மூச்சு வாங்க. "விஷம் இருக்கிற இடத்துல வேலை செய்ய மாட்டோம்னு. இவன் கேன்ல ஒண்ணுமே இல்லை. ஒண்ணும் போடலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே நினைப்போம்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல."

அதற்குள் விற்பனை மேலாளர் வாசலில் நின்று நாலு மருத்துவமனைக்குப் போன் போட்டிருந்தார். இந்தக் காயத்துக்கு ஊசி போடத் தெரிந்த இடம் எது, மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று, சரக்கு விற்கிற அதே விடாப்பிடியோடு கேட்டுக் கேட்டு ஓர் இடத்தைப் பிடித்துவிட்டார். காரின் பின் இருக்கையில் தம்பி அக்காள் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வழியெல்லாம் அவள் களிம்பு தேய்த்தபடியே வந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் அமிலத்தின் பெயரைக் கேட்டவுடனேயே நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இதயத் துடிப்பைத் திரையில் ஓடவிட்டார்.

"எத்தனை சதவீதம்னு தெரியுமா?"

"தெரியாது," என்றாள் அவள். "கேன்ல எதுவும் போடலை."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவள் செய்த சரக்கில்லை, அவள் விற்ற சரக்கில்லை. ஆனாலும் பரீட்சையில் தெரியாத கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஊசி போடப் போனார்.

நடைகூடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். தம்பி மனைவி உள்ளே போயிருந்தாள். விற்பனை மேலாளர் இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"நீங்க அந்தப் படத்தை ஒட்டாம விட்டிருந்தா, உங்க தம்பி நம்ம கேனையே வாங்கிக்கிட்டு இருந்திருப்பார்னு சொல்ல நினைச்சேன். அப்புறம் சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

"இப்ப சொல்லிட்டீங்களே."

அவர் அசட்டுத்தனமாகச் சிரித்தார். அவளுக்கும் உதடு லேசாக விரிந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

அவர் சொன்னதை அவள் வரும்போதே நினைத்துவிட்டாள். எங்கள் கேனாக இருந்திருந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தக் களிம்பு, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதன் முதுகிலேயே இருந்திருக்கும். வலி தொடங்கிய ராத்திரியே ஆளைக் கொண்டுவந்திருக்கலாம். அப்படியானால் அந்தப் படத்தை ஒட்டியது தப்பா? அது விஷமில்லை என்று எழுதியிருந்தால், அடிபடுகிறவனுக்கு அது விஷமில்லாமல் போய்விடுமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. யாராவது வந்து, நீ செய்தது சரிதான் என்றோ தப்புதான் என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

தம்பியின் உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகங்களை எடுத்தார்கள். சில நாள் கழித்து ஆள்காட்டி விரலின் நுனி கறுத்துப்போனதால் மேல் கணுவையும் எடுக்க வேண்டியதாயிற்று.

நீலக் கேன்காரனைப் பற்றி விற்பனை மேலாளர் அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டார். ஆய்வாளர்கள் வந்தபோது அவன் இருந்த கொட்டகை காலியாக இருந்தது. கொஞ்ச நாளில் வேறொரு பக்கத்தில் வெள்ளைக் கேன் வருவதாகப் பேச்சு வந்தது. அதற்கும் எழுதிப்போட்டார்.

அந்தத் திரவத்தின் வகைப்பாட்டை மாற்றச் சொல்லி அவர் அதன்பிறகு வந்து உட்காரவில்லை. வேறு ஒரு யோசனையோடு வந்தார். இந்த அமிலமே இல்லாமல் ஒரு திரவம் செய்ய முடியுமா என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டிருந்தார். செய்தார்கள். தெளித்துவிட்டால் மட்டும் போதாது, தூரிகையால் தேய்க்கவும் வேண்டும். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கண்ணுக்கு எரிச்சல் தரும் என்பதற்கான படம் மட்டும்தான் வந்தது. முதலாளி, தேய்க்கிற வேலை யாருக்கு வேணும் என்று முகம் சுளித்தார். ஆனாலும் கொஞ்சமாகச் செய்ய அனுமதித்தார். அது சுமாராகத்தான் விற்றது.

ஒரு விடுமுறை நாளில் அவள் தம்பியின் கூடத்துக்குப் போனாள். கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். போனால், இப்போது அங்கே எல்லாம் தம்பி மனைவியின் ராஜ்யமாக இருந்தது. எந்தக் கேன் வந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவள் உள்ளே விடுவதில்லையாம். தம்பி ஒரு லாரிக்கு அடியில் குந்தி, இடது கையால் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பழக்கமில்லாத கை, தூரிகை அடிக்கடி வழுக்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அலுத்துக்கொண்டார் லாரி டிரைவர். "முன்னெல்லாம் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்."

"இன்னொரு டீ குடிச்சுட்டு வாங்கண்ணே," என்றாள் தம்பி மனைவி. "சக்கரம் எங்கயும் ஓடிடாது. லாரி அது மேலதான் நிக்குது."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடந்தார்.

தம்பி எட்டிப் பார்த்தான். "வாக்கா. மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. உன் கை?"

"குளிர்ல குத்துது. சட்டைப் பொத்தான் போடத்தான் இவளைக் கூப்பிட வேண்டியிருக்கு." கொஞ்ச நேரம் தேய்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நான் உன் மேல கோபமா இருந்தேன். ஆஸ்பத்திரியில. வெளிய சொல்லல."

"தெரியும்."

"இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான். அவள் சுவர் ஓரமாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரம் படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி ஏதோ கேட்டாள். அவள் பதில் சொல்வதற்குள் கண் சொக்கியது. பம்பு கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, பல நாள் கழித்து, அவள் அசந்து தூங்கினாள்.